பெங்களூரில் இருந்துகொண்டு விவசாயம் படிப்பதென்றால் ஜி.கே.வி.கே.யா, கோவையா, வேறு வழியா?

பி.யூ.சி.யில் (கர்நாடகத்துப் பிளஸ் டூ) பி.சி.எம்.பி. (இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல்) எடுத்த பிள்ளை "என்ஜினியரிங்கும் வேண்டாம், நீட்டும் வேண்டாம், அக்ரி படிக்கிறேன்" என்று சொன்னால், பெங்களூர்த் தமிழ் வீடுகளில் உடனே வரும் கேள்வி "நமக்கு ஊரில் நிலமே இல்லையே, அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்பதுதான். கொஞ்சம் சமாதானமான பிறகு அடுத்த பேச்சு, "சரி, படிப்பதானால் கோயம்புத்தூரில் படி, அங்கே சித்தப்பா இருக்கிறார்." இந்த வருஷம் எங்கள் அக்கா வீட்டிலும் இதே கதை. அக்கா மகள் பிடிவாதமாக இருக்கிறாள், மாமா பாதி மனதோடு இருக்கிறார், நடுவில் மாட்டியவன் நான். அவளுக்காக விசாரித்து யோசித்ததை, இதே நிலையில் இருக்கிற மற்ற வீடுகளுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்நாடகத்திலேயே பள்ளிப் படிப்பை முடித்த தமிழ்ப் பிள்ளைக்கு பெங்களூர் விவசாயப் பல்கலைக்கழக வளாகமான ஜி.கே.வி.கே. முதல், கோவை வேளாண் பல்கலைக்கழகம் இரண்டாவது, ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில்) ஒதுக்கீட்டு விண்ணப்பம் கட்டாயம், லட்சக்கணக்கில் பணம் கேட்கும் தனியார் கல்லூரி கடைசி. வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகச் சொல்லவில்லை. நாட்டில் இன்று எந்த உணவு போதவில்லை, அது விளைகிற நிலம் எது என்று பார்த்தால் இந்த வரிசைதான் வருகிறது.

முதலில் அந்த நிலம் இல்லாத கவலையைத் தீர்த்துவிடலாம். விவசாயப் பட்டம் ஏர் பிடிக்கச் சொல்லித்தரும் படிப்பு மட்டும் இல்லை. விதை உருவாக்குவது, மண் பரிசோதனை, பூச்சி, நோய், சந்தை, கடன், விரிவாக்கம் எல்லாம் அதற்குள் வருகின்றன. இந்த நாட்டில் வேலை செய்கிறவர்களில் 46 சதவீதம் பேர் விவசாயத்தில் இருப்பதாக 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பு சொல்கிறது. இத்தனை பேர் இருக்கிற ஒரு தொழிலில், படித்துவிட்டு வந்து பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் பற்றாக்குறை. ஆனால் நம் வீடுகளில் அதைப் பற்றிக் கேட்டால், ஏதோ படிப்பு வராதவனுக்கான கடைசிப் புகலிடம் மாதிரி முகத்தைச் சுளிக்கிறோம்.

இந்த முகச்சுளிப்பு எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கிறது, ஏனென்றால் இந்த நாடு சோற்றுக்குக் கையேந்தி நின்றது அவ்வளவு பழைய கதை இல்லை. 1965, 66 இரண்டு வருஷமும் மழை பொய்த்தது. 1966-ல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது, பெரும்பகுதி அமெரிக்காவின் பி.எல்.480 உணவு உதவித் திட்டத்தில். கப்பல் எப்போது கிளம்பும் என்பதை அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் கையில் வைத்துக்கொண்டு, மாதக் கணக்கில் சொட்டுச் சொட்டாக விட்டார். அப்போது உணவு அமைச்சர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம். மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரக கோதுமை விதையை 1966-ல் இறக்குமதி செய்யும் முடிவை எடுத்தது அவர்தான், அதற்கு விஞ்ஞானியாகப் பக்கத்தில் நின்றது கும்பகோணத்தில் பிறந்து கோவை வேளாண் கல்லூரியில் படித்த எம்.எஸ். சுவாமிநாதன். அவர் ஐ.பி.எஸ்.சுக்குத் தேர்வாகியும் அதற்குப் போகாமல் பயிர் மரபியலுக்குப் போனவர். 1943 வங்கப் பஞ்சம்தான் தன்னை இந்தப் பக்கம் திருப்பியது என்று பல முறை சொல்லியிருக்கிறார். 1965-ல் உணவுக் கழகம் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறந்தது. 1950-51-ல் சுமார் 5 கோடி டன்னாக இருந்த தானிய உற்பத்தி 2023-24-ல் 33 கோடி டன்னைத் தாண்டியது. "அக்ரி படித்து என்ன ஆகும்" என்று கேட்கிற வீடுகளில் இந்தக் கணக்கைத்தான் நான் முதலில் எடுத்து வைப்பேன்.

ஆனால் தன்னிறைவு வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு படிக்கப் போனால் தப்பான இடத்தில் போய் நிற்போம். அரிசி, கோதுமை இரண்டிலும் கிடங்கு நிரம்பி வழிகிறது, அரிசி ஏற்றுமதியில் உலகிலேயே முதலிடம். எண்ணெய் விஷயம் அப்படியே தலைகீழ். சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி, ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டன் அளவுக்கு வருகிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து, சூரியகாந்தி எண்ணெய் ரஷ்யா, உக்ரைன், அர்ஜென்டினாவிலிருந்து. 2022 பிப்ரவரியில் ரஷ்யா, உக்ரைன் போர் தொடங்கியது, ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தியது, இரண்டும் சேர்ந்து நம் தெருமுனைக் கடையில் எண்ணெய் பாக்கெட் விலையை எங்கே கொண்டுபோனது என்று ஞாபகம் இருக்கும். பருப்பும் இதே கதைதான். துவரை மொசாம்பிக், தான்சானியா, மியான்மரிலிருந்தும், மஞ்சள் பட்டாணியும் மசூர் பருப்பும் கனடா, ரஷ்யா, ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகின்றன. 2024-25-ல் பருப்பு இறக்குமதி 70 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. உரத்தைச் சொல்லவே வேண்டாம், பொட்டாஷ் கிட்டத்தட்ட முழுவதும் வெளியிலிருந்துதான்.

பருப்பும் எண்ணெய் வித்தும் பெரும்பாலும் எங்கே விளைகின்றன என்று பாருங்கள். கால்வாய்த் தண்ணீர் பாய்கிற வயலில் விவசாயி நெல்லோ கரும்போதான் போடுவார், அதில்தான் நிச்சயமான காசு. துவரை, நிலக்கடலை, சூரியகாந்தி, கொள்ளு, எள் எல்லாம் வானம் பார்த்த பூமிக்குத் தள்ளப்பட்ட பயிர்கள். மானாவாரிப் பரப்பில் ராஜஸ்தானுக்கு அடுத்து கர்நாடகம்தான். அதனால்தான் நாட்டின் பற்றாக்குறையைத் தீர்க்கிற வேலையில் இறங்க நினைக்கிற பிள்ளை, மானாவாரி நிலத்தைப் பார்த்துப் பழகக்கூடிய இடத்தில் படிக்க வேண்டும் என்கிறேன்.

பெல்லாரி ரோட்டில் ஏர்போர்ட்டுக்குப் போகும்போது யலஹங்காவுக்கு முன்னால் பச்சையாக ஒரு பெரிய வளாகம் வருமே, அதுதான் ஜி.கே.வி.கே. பெங்களூர் விவசாயப் பல்கலைக்கழகம் 1964-ல் தொடங்கியது. ஆனால் ஹெப்பாளில் சோதனைப் பண்ணையும் விவசாயப் பள்ளியும் மைசூர் சமஸ்தான காலத்திலிருந்தே இருந்தவை. பெங்களூரில் நாம் குளிர்காலத்தில் மூட்டை மூட்டையாக வாங்குகிற அவரேக்காய்க்கு, அது குளிர்காலத்தில் மட்டும்தான் காய்க்கும் என்பதை மாற்றி வருஷம் முழுக்கக் காய்க்கிற ஹெப்பாள் அவரை ரகங்களைக் கொடுத்தது இங்கேதான். (அந்தப் பனிக்கால மணம் புது ரகத்தில் இல்லை என்று எங்கள் அம்மா சண்டை போடுவார், அது வேறு விஷயம்.) ராகியில் இவர்களுடைய ஜி.பி.யு. 28 குலை நோயைத் தாங்குகிற ரகம், தெற்குக் கர்நாடகத்தில் எங்கே கேட்டாலும் பெயர் தெரியும். அதற்கு முன்பே மண்டியா பண்ணையில் இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்து இண்டாஃப் ரகங்களை உண்டாக்கிய லட்சுமணய்யாவை இன்றும் "ராகி லட்சுமணய்யா" என்றுதான் சொல்கிறார்கள். நம் வீட்டில் களி கிண்டுகிறோம், கன்னடக்காரர்கள் முத்தே உருட்டுகிறார்கள், இரண்டுக்கும் பின்னால் இருக்கிறது அந்த மனிதரின் வேலை.

சூரியகாந்தி கதையைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். நாட்டின் முதல் சூரியகாந்தி வீரிய ஒட்டு ரகமான பி.எஸ்.எச். 1, 1980-ல் வெளிவந்தது இந்தப் பல்கலைக்கழகத்திலிருந்துதான். 1986-ல் மத்திய அரசு எண்ணெய்வித்துத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சமையல் எண்ணெயில் நாம் கிட்டத்தட்டத் தன்னிறைவே அடைந்திருந்தோம் என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். அப்போது சூரியகாந்தி மட்டும் நாடு முழுக்க 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்தது, அதில் பெரும்பங்கு கர்நாடகத்தில். அப்புறம் இறக்குமதி வரியைக் குறைத்தார்கள், மலிவு எண்ணெய் உள்ளே வந்தது, விவசாயிக்குக் கட்டுப்படியாகவில்லை. போதாததற்கு 1997-ல் பாகேபள்ளி பக்கம் நெக்ரோசிஸ் என்கிற வைரஸ் நோய் தென்பட்டு வேகமாகப் பரவியது, கிளித் தொல்லை வேறு. இன்று அந்தப் பரப்பு பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. பாகேபள்ளி எங்கே இருக்கிறது? ஜி.கே.வி.கே. வாசலில் இருந்து அதே ஹைதராபாத் ரோட்டில் நேராகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். விதை உருவான இடம், விழுந்த இடம், விலை கொடுத்துக்கொண்டிருக்கிற நாம், மூன்றும் ஒரே ரோட்டில். ஒரு பயிர் எப்படி எழுந்து எப்படி விழுந்தது, அதில் விஞ்ஞானத்தின் பங்கு எவ்வளவு, வரிக் கொள்கையின் பங்கு எவ்வளவு என்பதை நேரில் போய் விசாரித்துப் படிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பெங்களூரில் இன்னொரு வசதி, பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருக்கிற நிறுவனங்கள். ஹெசரகட்டாவில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 1967-லிருந்து இருக்கிறது, மூன்று நோயைத் தாங்குகிற அர்கா ரக்ஷக் தக்காளி அங்கிருந்து வந்ததுதான். ஹெப்பாளில் பூச்சிகளுக்கென்றே ஒரு தேசிய நிறுவனம், ஆடுகோடியில் பால் பண்ணை ஆராய்ச்சியின் தென்மண்டல நிலையம். காந்தி 1927-ல் பெங்களூரில் ஓய்வெடுத்தபோது மாடு வளர்ப்புப் பற்றித் தெரிந்துகொள்ளப் போய் வந்த இடம் அது. தனியார் விதைக் கம்பெனிகளின் ஆராய்ச்சிப் பண்ணைகளும் தொட்டபள்ளாபுரா, தேவனஹள்ளிப் பக்கம் நிறைய. மூன்றாம் வருஷத்திலேயே ஒரு பிள்ளை இவற்றில் நாலு இடத்துக்கு பஸ்ஸில் போய்க் கதவைத் தட்டலாம்.

சரி, கோவை. அதைக் குறைத்துச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயப் பள்ளி 1906-ல் கோவைக்கு வந்து, 1971-ல் பல்கலைக்கழகம் ஆனது. அடுத்த வாசலிலேயே 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம், பார்பரும் வெங்கட்ராமனும் உண்டாக்கிய கோ 205 கரும்பு வட இந்தியக் கரும்பு வயல்களையே மாற்றியது. நெல்லுக்கு ஆடுதுறை, பயறு வகைகளுக்கு வம்பன், எண்ணெய்வித்துக்குத் திண்டிவனம், மானாவாரிக்குக் கோவில்பட்டி என்று மாநிலம் முழுக்க ஆராய்ச்சி நிலையங்கள். 1940-ல் திண்டிவனத்தில் வந்த டி.எம்.வி. 2 நிலக்கடலை, எண்பது வருஷம் கழித்தும் ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் காய்ந்த பூமியில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் இது திண்டிவனத்துக்குப் பெருமை. இன்னொரு பக்கம், எண்பது வருஷமாக அதைத் தள்ளி உட்காரவைக்கிற மாதிரி ஒரு ரகம் விவசாயி கைக்குப் போய்ச் சேரவில்லை என்பதையும் காட்டுகிறது, மானாவாரிக்கு ஆள் வேண்டும் என்று நான் கத்துவது இதனால்தான்.

அப்படியானால் கோவையை ஏன் இரண்டாவதாக வைக்கிறேன்? பெங்களூர்ப் பிள்ளைக்கு அங்கே மூன்று சிக்கல்கள். ஒன்று, சேர்க்கை. தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கலந்தாய்வு, போட்டி கடுமை. கர்நாடகத்தில் படித்த பிள்ளை தமிழ்நாட்டுப் பூர்வீகத்துக்கான சான்றிதழ் காட்ட வேண்டும், தாத்தா காலத்திலேயே கோலார் தங்கவயலுக்கோ அல்சூருக்கோ வந்துவிட்ட குடும்பங்களுக்கு அந்தக் காகிதம் வாங்குவது ஒரு தனிப் போராட்டம். இரண்டு, "கோவை" என்று வாய் சொல்கிறோமே தவிர இடம் கிடைப்பது கிள்ளிகுளத்திலோ வாழவச்சனூரிலோ இருக்கலாம், இணைப்புத் தனியார் கல்லூரியாகவும் இருக்கலாம். அவை மோசம் என்று சொல்லவில்லை, கிள்ளிகுளம் நல்ல கல்லூரி. ஆனால் சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கலாம் என்கிற கணக்கு அங்கே உடைந்துபோகும். வந்தே பாரத் வந்த பிறகு பெங்களூர், கோவை தூரம் பெரிதாகத் தெரிவதில்லை, கிள்ளிகுளம் கல்லூரி இருக்கிற வல்லநாட்டுக்குப் போவது வேறு சங்கதி.

மூன்றாவதுதான் யாரும் முன்கூட்டியே யோசிக்காதது. அரசு வேலை. தமிழ்நாட்டில் வேளாண் அலுவலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. எழுத வேண்டும், அதில் இப்போது தமிழ்த் தாளில் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தே ஆக வேண்டும். நம் பெங்களூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தமிழ் எழுதத் தெரியும்? வீட்டில் பேசுவார்கள், பள்ளியில் கன்னடம், சிலர் இந்தி, சமஸ்கிருதம். என் அக்கா மகளுக்கு பஸ் போர்டு படிக்கத் தெரியும், கட்டுரை எழுது என்றால் முழிப்பாள். அதே பிள்ளை கன்னடத்தை எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்திருக்கிறாள், கர்நாடக அரசுப் பணித் தேர்வாணையமான கே.பி.எஸ்.சி.யின் கன்னடத் தேர்வு அவளுக்குப் பெரிய தடை இல்லை. தாய்மொழி தமிழ் என்பதற்காகக் கோவைக்குப் போய், நாலு வருஷம் கழித்து அந்த ஊரிலேயே அரசுத் தேர்வு எழுத முடியாமல் நிற்பது யாருக்கு லாபம்? உங்கள் பிள்ளை தமிழை ஒழுங்காக எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை என்றால் இந்த வாதம் அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பிவிடும், கோவையை முதலில் போடுங்கள். அங்கே விவசாயப் பட்டப்படிப்பைத் தமிழ் வழியிலும் நடத்துகிறார்கள் என்பது கூடுதல் செய்தி.

மொழி விஷயத்தில் இன்னொன்றும் உண்டு, இது பெங்களூர்த் தமிழர்களுக்கு மட்டுமே வாய்த்தது. நாலாம் வருஷத்தில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்கிற காலம் ஒன்று இருக்கிறது, எல்லா விவசாயப் பல்கலைக்கழகத்திலும் கட்டாயம். அங்கே ஆங்கிலம் உதவாது. கன்னடத்தில் "மளே ஹேகிதே?" என்று மழையைப் பற்றிப் பேச்சைத் தொடங்கத் தெரிந்தவனுக்குத்தான் வரப்பில் உட்கார இடம் கிடைக்கும். நம் பிள்ளைகளுக்கு அது தெருவிலேயே வந்துவிட்டது. எல்லை தாண்டி ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் தமிழ்நாட்டு விவசாயிகளே கன்னடமும் தெலுங்கும் பேசுவார்கள். அதே ராகி, அதே துவரை ஊடுபயிர், ராத்திரியில் வயலுக்குள் இறங்குகிற அதே யானை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பையூர் ஆராய்ச்சி நிலையம் தமிழ்நாட்டுக்காரர்களுடையது, ஆனால் அதன் மண்ணும் பயிரும் ஆனேக்கல், கனகபுரா மாதிரித்தான். இரண்டு பக்கமும் வாய் திறந்து பேசத் தெரிந்த வேளாண் பட்டதாரி எத்தனை பேர் இருக்கிறார்கள்? விதைக் கம்பெனிக்கும், இடுபொருள் கம்பெனிக்கும், பெங்களூருக்குக் காய்கறி கொண்டுவருகிற கம்பெனிகளுக்கும் ராயக்கோட்டைத் தக்காளியும் வேண்டும், கோலார் தக்காளியும் வேண்டும். இந்த வேலைக்கு நம் பிள்ளைகள் பிறக்கும்போதே பாதி தயாராக இருக்கிறார்கள்.

கர்நாடகச் சேர்க்கை இப்படி. மாநில நுழைவுத் தேர்வான சி.இ.டி. மதிப்பெண்ணும் பி.யூ.சி. மதிப்பெண்ணும் சேர்த்து ரேங்க், கர்நாடகத் தேர்வு ஆணையமான கே.இ.ஏ. கலந்தாய்வு நடத்துகிறது. கர்நாடகத்தில் குறைந்தது ஏழு வருஷம் படித்திருக்க வேண்டும் என்கிற விதிக்குள் நம் பிள்ளைகள் பெரும்பாலும் வந்துவிடுவார்கள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய ஒதுக்கீடு தனியாக இருக்கிறது, அதற்குச் செய்முறைத் தேர்வும் உண்டு, பஹணியும் (நிலப் பதிவு ஆவணம்) தாசில்தார் சான்றும் கேட்பார்கள். நகரத்துப் பிள்ளைக்கு அதில் பங்கு இல்லை, மீதியில்தான் போட்டி. இது அநியாயம் என்று சிலர் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை, களை எடுத்த கைக்கு முதலிடம் கொடுப்பதில் என்ன தப்பு? பயப்படவும் வேண்டாம். மருத்துவம், கால்நடை எல்லாம் வரிசையாக நடக்கும்போது, மேலே இருக்கிறவர்கள் எம்.பி.பி.எஸ். கிடைத்துக் கிளம்பக் கிளம்ப அக்ரி இடங்கள் காலியாகும். முதல் சுற்றில் வரவில்லை என்று மனம் உடைந்து தனியார் கல்லூரியில் பணம் கட்டிவிடுவதுதான் பெற்றோர்கள் அவசரப்பட்டுச் செய்வது.

ஐ.சி.ஏ.ஆர். வழி, நிறைய வீடுகளில் பேசப்படாத வழி. நாடு முழுக்க இருக்கிற அரசு விவசாயப் பல்கலைக்கழகங்களில் ஐந்தில் ஒரு பங்கு இடம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில் மூலம் நிரப்பப்படுகிறது, 2023-லிருந்து க்யூட் என்கிற தேசிய நுழைவுத் தேர்வு வழியாக. பூர்வீகச் சான்று இல்லாத பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளை கோவையில் நுழைய இதுதான் ஒழுங்கான வாசல். டெல்லி பூசாவில் இருக்கிற வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான ஐ.ஏ.ஆர்.ஐ. மாதிரி இடங்களும் இதில் வரும், சொந்த மாநிலத்துக்கு வெளியே படிப்பவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. ஒரே தொல்லை, விண்ணப்பத்தை பி.யூ.சி. தேர்வு நெருங்குகிற நேரத்திலேயே போட்டுவிட வேண்டும், ரிசல்ட் வந்த பிறகு யோசிக்கலாம் என்றால் வண்டி போயிருக்கும். அப்புறம் பிள்ளை எங்கே இடம் கிடைத்தாலும் போகத் தயாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பீகாரில் இடம் வந்தால் மாமா முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும்.

தனியார் கல்லூரிகளைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பம் இல்லை. அரசுக் கல்லூரியில் கட்டணம் ஆயிரங்களில், இங்கே லட்சங்களில். ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரம் இருக்கிறதா, சொந்தப் பண்ணை எத்தனை ஏக்கர், அதில் கிணறு இருக்கிறதா என்று இந்த மூன்றையும் நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். அங்கீகாரம் இல்லாத பட்டத்தோடு முதுநிலைப் படிப்புக்கோ அரசுத் தேர்வுக்கோ போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு பையன் சேர்ந்த கல்லூரியில் பண்ணை என்று காட்டியது ஹாஸ்டலுக்குப் பின்னால் இருந்த புல்வெளி.

பி.டெக். வேளாண் பொறியியல் இருக்கிறது, அது ஜி.கே.வி.கே.யிலும் உண்டு, கணக்கு நன்றாக வருகிற பிள்ளைக்குப் பொருந்தும். உணவுத் தொழில்நுட்பம் என்றால் தஞ்சாவூர் நிஃப்டெம், மேலே படிக்க மைசூரில் உணவு ஆராய்ச்சி நிறுவனமான சி.எஃப்.டி.ஆர்.ஐ. அறுவடைக்குப் பிறகு வீணாகிற தக்காளியையும் மாம்பழத்தையும் காப்பாற்றுவதும் உணவுத் தன்னிறைவில் சேர்த்திதான். வெயிலில் நிற்கப் பிடிக்காத பிள்ளை, அக்ரி என்கிற பெயர் மட்டும் வேண்டும் என்று இதை எடுத்தாலும் பரவாயில்லை, தப்பில்லை.

"படிப்பெல்லாம் எதற்கு, ரெண்டு ஏக்கர் வாங்கி இயற்கை விவசாயம் செய்யட்டும்" என்று ஐ.டி.யில் இருக்கிற ஒரு மாமா எல்லா வீட்டிலும் இருப்பார். கர்நாடகத்தில் 2020 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு விவசாயி அல்லாதவரும் நிலம் வாங்கலாம், தமிழ்நாட்டில் அந்தத் தடை முன்பும் இல்லை. வாங்க முடியும் என்பதும் பிழைக்க முடியும் என்பதும் வேறு வேறு. தேவனஹள்ளிப் பக்கத்து நிலத்தின் விலையை ராகி விற்று எந்தத் தலைமுறையிலும் எடுக்க முடியாது, அது நில முதலீடு, விவசாயம் இல்லை. உண்மையிலேயே செய்து பார்க்க ஆசையென்றால் தொட்டபள்ளாபுரா பக்கம் ஹாடோனஹள்ளியில் இருக்கிற வேளாண் அறிவியல் மையத்தின் பயிற்சிகளுக்கு அந்த மாமா முதலில் போய் வரட்டும்.

சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் எங்கள் அக்கா வீட்டு மாமா விடமாட்டார். சாஃப்ட்வேரில் முதல் வருஷம் வாங்குவதை அக்ரியில் முதல் வருஷம் வாங்க முடியாது, இதை மறைத்துப் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது. விதை, உரக் கம்பெனிகளில் தொடக்கச் சம்பளம் சுமார்தான், பைக்கில் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும், பெண் பிள்ளைகளை அந்த வேலைக்கு எடுக்க இன்னமும் தயங்குகிற கம்பெனிகள் உண்டு. அரசுப் பணியிட அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். நிலையாக வருகிற வாய்ப்பு வங்கி. விவசாயக் கள அதிகாரி என்று ஐ.பி.பி.எஸ். தனியாகத் தேர்வு நடத்துகிறது, விவசாயம் அல்லது அதைச் சேர்ந்த பட்டம் இருந்தால்தான் எழுதவே முடியும், ஆகவே பி.இ. கூட்டம் அங்கே வராது. நபார்டு இருக்கிறது, யு.பி.எஸ்.சி.யின் வனப் பணிக்கும் இந்தப் பட்டம் தகுதி. சொந்தமாகத் தொடங்க நினைத்தால் 2002-லிருந்து அக்ரி கிளினிக் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, விவசாயப் பட்டதாரிகளுக்கு இலவசமாக 45 நாள் பயிற்சி, கடனில் 36 சதவீத மானியம், பெண்களுக்கு 44. உரம், பூச்சிமருந்துக் கடை உரிமத்துக்கும் இந்தப் பட்டமே போதும், பட்டம் இல்லாத பழைய கடைக்காரர்கள் அதற்காகத் தனியாக ஒரு வருஷ டிப்ளமோ படித்துக்கொண்டிருக்கிறார்கள். அத்திபெலேயிலோ மாலூரிலோ மண்ணைப் பார்த்து மருந்து சொல்கிற ஒரு நல்ல கடை, முதல் பத்து வருஷத்துக்குப் பிறகு ஐ.டி. சம்பளத்துக்குக் கீழே நிற்காது என்பது என் கணிப்பு. மாமா இதை இன்னும் நம்பவில்லை.

முடிவு எடுக்கும் முன் பிள்ளையை நவம்பரில் ஜி.கே.வி.கே.யில் நடக்கிற கிருஷி மேளாவுக்கு ஒரு நாள் அழைத்துப் போங்கள், பெற்றோரும் கூடப் போங்கள். கோழி, ட்ராக்டர் கடைகளைத் தாண்டி உள்ளே பயிர் நிற்கிற வயல்கள் வரை நடங்கள். லட்சக்கணக்கில் விவசாயிகள் வந்து புது ரகத்தின் கதிரைக் கையில் உருட்டிப் பார்த்துக் கேள்வி கேட்பதைப் பார்த்த பிறகும் பிள்ளைக்கு அலுப்பாக இருந்தால், சி.இ.டி. படிவத்தில் வேறு படிப்பை நிரப்பிக்கொள்ளலாம், யாருக்கும் நஷ்டம் இல்லை.

எங்கள் வீட்டுப் பட்டியல் இப்போதைக்கு இப்படி நிற்கிறது: பி.எஸ்சி. அக்ரி ஜி.கே.வி.கே., அடுத்து அதே வளாகத்தில் இருக்கிற தோட்டக்கலைக் கல்லூரி, அடுத்து ஜி.கே.வி.கே. வேளாண் பொறியியல், கூடவே க்யூட்டில் கோவை. தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கும் போடுவோம், சான்றிதழ் வந்தால். அதற்காக மாமா அடுத்த வாரம் திருப்பத்தூர் தாலுகா ஆபீசுக்குப் போகிறார். ஏழு வருஷப் படிப்புச் சான்றில் பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) கையெழுத்து வாங்குகிற வேலை என் தலையில். பள்ளி மாறிப் படித்த பிள்ளையாக இருந்தால் ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும், அதனால் ஏப்ரல் வரை காத்திருக்காமல் பள்ளி திறந்திருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.